மழை விட்ட மறுநாள்: பழங்காலக் கல்மணிகளை அடையாளம் காணத் தொடங்குவோருக்கு

பள்ளியில் படித்த காலத்தில், மழை விட்ட மறுநாள் நொய்யல் கரைப் பக்கத்துக் காடுகளில் பாசிமணி பொறுக்கப் போவோம். எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். உழுத மண்ணை மழை கழுவிவிட்டிருக்கும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குனிந்து பார்த்தால், செம்மண்ணுக்குள் அதைவிடச் சிவப்பாக ஒரு பொட்டு மின்னும். எடுத்து எச்சில் தொட்டுத் துடைத்தால் மணி! அப்படிப் பதினொரு மணிகளைத் தீப்பெட்டி ஒன்றில் போட்டுப் பல வருடம் வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் தொல்லியல் படித்த ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எந்தக் காட்டில் எடுத்தது? பக்கத்தில் பானை ஓடு இருந்ததா? எல்லாம் ஒரே இடமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான்கு ஊர்க் காடுகளில் எடுத்தவை ஒரே தீப்பெட்டியில் கலந்து கிடந்தன. "அழகாக இருக்கின்றன, ஆனால் ஊர் போய்விட்டதே" என்றார். இன்றும் அந்தப் பதினொரு மணிகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அந்தத் தவற்றைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நான் பேசப்போவது கல்லில் செய்து துளையிட்ட மணிகளைப் பற்றி. எனக்குத் தெரிந்த கொங்கு நாட்டு உதாரணங்களையே பெரும்பாலும் சொல்கிறேன்.

முதல் படி: எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக் கூடாது

சேர்ப்பது என்றாலே பழைய மணியைக் கைவசப்படுத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் அதற்குச் சட்ட வரம்புகள் உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டுக்கு மேற்பட்டதைத் தொல்பொருள் என்கிறது. அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவதும் குற்றம்.

சட்டம் இருக்கட்டும். மண்ணில் கிடக்கும் மணி தன்னந்தனியாகக் கிடப்பதில்லை. அதைச் சுற்றிக் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு இருக்கும், உடைத்துப் போட்ட கல் சில்லு இருக்கும், சாம்பல் இருக்கும். அவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே பட்டறை இருந்ததா, வீடு இருந்ததா, இறந்தவரைப் புதைத்த குழி இருந்ததா என்பது தெரியும். மணியை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தத் தகவல் போய்விடும்.

அப்படியானால் எதைச் சேர்ப்பது? மூன்று இருக்கின்றன. இன்று செய்கிற கல்மணிகளையும் மூலக் கற்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்கலாம். வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் மணிகளை ஒழுங்காகப் பதிவு செய்யலாம். வயலில், அருங்காட்சியகத்தில் பார்த்தவற்றைப் படமாகவும் குறிப்பாகவும் சேர்க்கலாம். நான் மூன்றாவதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன். சொல்லப்போனால் அதில்தான் கற்றுக்கொள்ளவும் அதிகம் இருக்கிறது.

இரண்டாம் படி: பழகுவதற்கு ஒரு தட்டு

பழைய மணியைப் பார்ப்பதற்கு முன் புதுக் கல்லைக் கையில் எடுத்துப் பழக வேண்டும். ராசிக்கல் விற்பவர்களிடமும் கல் பட்டை தீட்டும் பட்டறைகளிலும் உடைந்தது, நிறம் குறைந்தது என்று ஒதுக்கிய துண்டுகள் இருக்கும். கேட்டால் மலிவாகக் கொடுப்பார்கள். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் சூதுபவளம் என்னும் சிவப்புக் கல்லிலும் அகேட்டிலும் மணி செய்கிறார்கள். கண்காட்சிகளில் அந்த மணிகள் கிடைக்கும்.

தட்டில் இருக்க வேண்டியவை: சூதுபவளம், பட்டை பட்டையாக நிறம் ஓடும் அகேட், ஒளி புகாத ஜாஸ்பர், ஸ்படிகம், ஊதாச் செவ்வந்திக்கல், ஆழ்ந்த சிவப்புக் கார்னெட், வெளிர் நீலப் பச்சைப் பெரில், நீல லாபிஸ் லாசுலி, மாக்கல். கூடவே கல் அல்லாத நான்கு: சிவப்புக் கண்ணாடி மணி, நிஜப் பவளம், சங்கு, பிளாஸ்டிக். கல்லைத் தெரிந்துகொள்ள இந்த நான்கும் மிகவும் உதவும். ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஸ்படிகம் தொட்டவுடன் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சியும் சற்று நேரம் நிற்கும். கண்ணாடி அதைவிடச் சீக்கிரம் கைச்சூட்டுக்கு வந்துவிடும். பிளாஸ்டிக்கில் குளிர்ச்சியே இருக்காது.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், சின்ன டார்ச், வெர்னியர் காலிப்பர், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, மில்லிமீட்டர் ஸ்கேல், வெள்ளைத் தாள். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு மணியைத்தான் அருகில் கொண்டுவர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்.

மூன்றாம் படி: கல்லா, கண்ணாடியா

தென்னிந்தியப் பழைய ஊர்களில் கல்மணியைப் போலவே கண்ணாடி மணியும் ஏராளம். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு கண்ணாடி மணிக்குப் பேர் போனது. அதனால் முதல் கேள்வி எப்போதும் இதுதான்.

டார்ச்சை மணிக்குப் பின்னால் பிடித்து லென்ஸில் பாருங்கள். உள்ளே உருண்டையாகவோ நீண்டோ காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. பழைய சிறு கண்ணாடிப் பாசிகளைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்தார்கள். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை நீடித்தது. இழுத்துச் செய்ததால் குமிழிகளும் நிறக் கோடுகளும் துளையின் திசையிலேயே நீண்டு ஓடும். கல்லில் இப்படி ஓடாது. கல்லுக்குள் மேகம் போன்ற கலங்கல், இறகு போன்ற விரிசல், நிறத் திட்டு இவைதான் இருக்கும்.

நிறமற்ற மணியாக இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய எல்.சி.டி. கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். போலராய்டு குளிர்கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து, திரை கறுப்பாகும் வரை திருப்புங்கள். இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மணியைப் பிடித்து மெல்ல உருட்டினால், ஸ்படிகம் சில கோணங்களில் பளிச்சென்று ஒளிரும். சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் இருண்டே இருக்கும். ஒரு கோணத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள், ஸ்படிகமும் ஒரு திசையில் இருட்டாகத் தெரியும். முதன்முறை இதைச் செய்து பார்த்தபோது மகிழ்ச்சியில் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஊசியால் கீறிப் பார்ப்பது, எலுமிச்சைச் சாறு விடுவது, நெருப்பில் காட்டுவது போன்ற சோதனைகளைப் பழகு தட்டில் உள்ள புதுத் துண்டுகளில் மட்டும் செய்யுங்கள். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்வது மோஸ் அளவு. ஸ்படிகம், சூதுபவளம், அகேட் போன்ற குவார்ட்ஸ் வகைக் கற்களின் கடினம் அதில் 7, பெரில் 7.5 முதல் 8, நீலக்கல் 9, கண்ணாடி சுமார் 5.5, பவளம் 3 முதல் 4. இரும்பு ஊசி ஸ்படிகத்தில் வழுக்கும், பவளத்தில் கீறும். ஒருமுறை செய்து பார்த்தால் போதும், மனதில் நிற்கும். பழைய மணியில் ஒரு கீறல்கூட விழக் கூடாது.

நான்காம் படி: எந்தக் கல்

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் 'கொடுமணம்' என்று பாடிய ஊர் இதுதான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். சேரர் தலைநகரான கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குப் போன பழைய வழியில் இருந்தது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது, எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் அதில் முக்கியமானவர்கள். ஒரே ஒரு கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன.

ஊரைச் சுற்றியே கல் இருந்ததுதான் கொடுமணலின் பலம். படியூரில் பெரில், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், வெங்கமேட்டுப் பக்கம் குவார்ட்ஸ். ஆனால் அங்கே அதிகம் கிடைத்த சூதுபவளத்துக்கு மூலக் கல் குஜராத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும், லாபிஸ் லாசுலி ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்தது என்றும் கருதுகிறார்கள். ஆகவே ஒரு மணி என்ன கல் என்று தெரிந்தாலே, அது நடந்து வந்த வழியில் பாதி தெரிந்துவிடும்.

சூதுபவளத்தைப் பெயரை வைத்துப் பவளம் என்று நினைத்துவிடாதீர்கள். பவளம் கடலுயிரி கட்டும் சுண்ணாம்பு. சூதுபவளம் குவார்ட்ஸ் குடும்பத்துக் கல். வெளிச்சத்தில் பிடித்தால் சூதுபவளத்தின் வழியே மேகமூட்டமாகச் செம்மஞ்சள் ஒளி வரும், பவளம் ஒளியை விடாது. மூலக் கல் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்புமாகத்தான் இருக்கும். அதை வெயிலில் காயவைத்து, பானைக்குள் போட்டு, சாண எருவில் மெதுவாகச் சுடுவார்கள். கல்லுக்குள் இருக்கும் நீரேறிய இரும்புச் சேர்மம் அந்தச் சூட்டில் நீரை இழந்து சிவக்கும். கம்பாத்தில் இந்தச் சூளை வேலை இன்னும் மறையவில்லை. ஒரே மணியில் நிறம் திட்டுத் திட்டாக ஏறியிறங்கி இருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

கார்னெட்டும் சிவப்புதான், ஆனால் நாவல்பழச் சாறு போன்ற ஆழ்ந்த சிவப்பு. கையில் வைத்தாலே கனம் தெரியும். சந்தேகம் இருந்தால் அடர்த்தி பார்க்கலாம். தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மணியை நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் மணியின் எடையை வகுக்க வேண்டும். 5.30 கிராம் மணிக்குத் தராசு 2.00 காட்டினால் அடர்த்தி 2.65, அதாவது குவார்ட்ஸ் குடும்பம். கார்னெட் 3.5-க்கு மேல் வரும். துளைக்குள் காற்று தங்கினால் கணக்கு தவறும் என்பதால் மணியைத் தண்ணீருக்குள் லேசாக ஆட்டிவிடுங்கள். ஒரு கிராமுக்குக் குறைந்த மணியில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். பவளமும் கண்ணாடியும்கூட குவார்ட்ஸுக்கு நெருங்கிய எண்ணைத் தரும், ஆகவே லென்ஸ் முதலில், தராசு அப்புறம். விரிசல் விட்ட மணி, லாபிஸ், மாக்கல் ஆகியவற்றைத் தண்ணீரில் விடவே வேண்டாம்.

பெரில் இயற்கையிலேயே ஆறு பட்டைத் தூணாக விளைகிறது. கடல் நீரின் வெளிர் நீலப் பச்சை நிறம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்று எழுதினார். இந்தியர்கள் ஸ்படிகத்துக்கு நிறமேற்றிப் போலிப் பெரில் செய்கிறார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். போலி மணி நேற்று வந்த சங்கதி இல்லை, பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். செவ்வந்திக்கல்லில் ஊதா நிறம் ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளுத்தும் இருக்கும். ஜாஸ்பரில் ஒளி புகாது. லாபிஸில் நீலத்துக்குள் பொன்துகள் போன்ற புள்ளிகளும் வெள்ளை நரம்பும் இருக்கும். மாக்கல் நகத்துக்கே கீறுபடும் மென்மை, ஆனால் சுட்டால் இறுகிவிடும்.

ஐந்தாம் படி: துளையைப் படியுங்கள்

இங்கே நிதானமாக உட்காருங்கள். கல்லையும் வடிவத்தையும் மெருகையும் பார்த்து எவரும் போலி செய்துவிடலாம். துளைக்குள் பழைய வேலையைக் கொண்டுவருவதுதான் கடினம். யாராவது மணியைக் காட்டினால் நான் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை, துளையைத்தான் பார்ப்பேன்.

குவார்ட்ஸின் கடினம் 7 என்று பார்த்தோம். அதைத் துளைக்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். சிந்துவெளியில் ஒருவகைத் தனிக் கல்லைத் துரப்பணமாக, அதாவது துளையிடும் கருவியாகத் தீட்டிப் பயன்படுத்தினார்கள். ஆய்வாளர்கள் அதற்கு, சான்ஹுதாரோ என்னும் சிந்துவெளி நகரத்தை அகழ்ந்த எர்னஸ்ட் மக்கேயின் நினைவாக எர்னஸ்டைட் என்று பெயர் வைத்தார்கள். தொல்லியலாளர் கெனோயர் அதை வைத்துச் சூதுபவளத்தைத் துளைத்துப் பார்த்த சோதனையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான் இறங்கியது. அந்த வேகத்தில் பத்து சென்டிமீட்டர் நீள மணிகளையும் துளைத்திருக்கிறார்கள்! ஈராக்கில் 'ஊர்' என்ற பெயருடைய பழைய நகரத்தின் அரச கல்லறைகளில் தொல்லியலாளர் வூலி எடுத்த அணிகலன்களில் சிந்துவெளி வகைச் சூதுபவள மணிகள் இருக்கின்றன.

பிறகு வைரம் வந்தது. கம்பியின் நுனியில் இரண்டு வைரச் சில்லுகளைப் பதித்து, வில் கட்டிச் சுழற்றுவது. கம்பாத்தில் இந்த வில் துரப்பணம் நம் காலம் வரை நீடித்தது. கொடுமணல், அரிக்கமேடு காலத்துக் கடினக் கல்மணிகளில் இந்த வைரத் துளைதான் பெரும்பாலும்.

உங்கள் மணியில் என்ன பார்ப்பது? ஒருபக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து லென்ஸில் நோக்குங்கள். வைரத் துரப்பணம் துளைச் சுவரில் நெருக்கமான, சீரான வளையக் கோடுகளை விட்டுச் செல்லும். துளை ஒடுங்கி நேராக இருக்கும். பெரும்பாலான மணிகளை இரண்டு முனையிலிருந்தும் துளைத்திருப்பார்கள். இரண்டு துளைகளும் நடுவில் மிகச் சரியாகச் சந்திப்பது அரிது, அதனால் நடுவே ஒரு சின்னப் படி தெரியும். அந்தப் படியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும். சுமார் 2000 வருடத்துக்கு முன் ஒருவர் மணியைத் திருப்பிப் பிடித்து, குத்துமதிப்பாகக் குறிவைத்து, இம்மி அளவுதான் தவறியிருக்கிறார்.

சில மணிகளில் துளை வாயைச் சுற்றிச் சின்னக் குழி இருக்கும். துரப்பணம் வழுக்காமல் உட்காரக் கொத்தி எடுத்த இடம் அது. ஒரே பக்கத்திலிருந்து துளைத்து வெளியேற்றியிருந்தால் மறுமுனையில் கூம்பாக ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். இன்று நுண் அதிர்வால் போடும் அல்ட்ராசோனிக் துளையில் சுழல் வளையம் இருக்காது. உறைபனி படிந்த கண்ணாடி போன்ற சுவர், முனையிலிருந்து முனைக்கு ஒரே ஓட்டம். ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பல் மருத்துவர் அச்சு எடுக்கும் சிலிக்கோனைத் துளைக்குள் செலுத்தி, இறுகியதும் உருவி எடுத்து, அந்த அச்சை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நீங்களும் நானும் அதைச் செய்ய வேண்டாம். துளைக்குள் குச்சி, ஊசி எதையும் விடாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணும் நூல் துணுக்கும் சான்று.

ஆறாம் படி: தேய்மானமும் அளவும்

பலகாலம் கழுத்தில் கிடந்த மணியின் துளை வாய், நூல் உரசி உரசி வழவழப்பாக வளைந்திருக்கும். பெரும்பாலும் ஒருபக்கம் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனென்றால் மாலை தொங்கும்போது பாரம் ஒருபுறம் விழுகிறது. பக்கத்து மணி இடித்த முனைகள் தட்டையாகும். துளை வாய் கத்தி போலக் கூராக இருந்து, மேற்பரப்பு மட்டும் பழசாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் கூரான வாய் என்றாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது. பட்டறையில் செய்து யாரும் அணியாமல் மண்ணுக்குள் போன மணிகளும் உண்டு.

வடிவத்துக்கு நம் சொற்களே போதும்: உருண்டை, பீப்பாய், உருளை, இருகூம்பு, அறுபட்டை, வட்டு. நீளத்துக்கு மட்டும் மணி ஆய்வாளர் ஹோரஸ் பெக் 1928-இல் வகுத்த கணக்கை நான் பின்பற்றுகிறேன். நீளம் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் வட்டு, அதிலிருந்து 0.9 மடங்கு வரை குட்டை, 0.9 முதல் 1.1 வரை நடுத்தரம். அதற்கு மேல் நீளம். எல்லோரும் ஒரே அளவுகோலில் எழுதினால்தான் உங்கள் குறிப்பை வேறொருவர் பயன்படுத்த முடியும்.

முடிக்காத மணிகளை மட்டமாக நினைக்காதீர்கள். செதுக்கி மெருகிடாதது, மெருகிட்டுத் துளைக்காதது, பாதித் துளையில் உடைந்தது, வெறும் சில்லு ஆகியவைதான் "இங்கே மணி செய்தார்கள்" என்பதற்கு நேரடிச் சான்று. முழு மணி எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம், சில்லை யாரும் மாலையில் கோர்ப்பதில்லை. கொடுமணலைப் பட்டறை ஊர் என்று உறுதியாகச் சொல்ல முடிவது இந்தக் கழிவுகளால்தான். நாங்கள் சிறுவர்களாக எடுத்துப் பார்த்து, "ச்சே, உடைந்தது" என்று தூக்கி எறிந்தவையும் அவைதான்.

ஏழாம் படி: ஏமாறாமல் இருக்க

சந்தையில் வெள்ளைக் கோலமிட்ட சூதுபவளம் அதிகம் ஏமாற்றும். அசலில் அது பூச்சு இல்லை. சலவைச் சோடாவைச் செடிச் சாற்றோடு குழைத்துக் கல்லின் மேல் வரைந்து சுட்டால், கோடு விழுந்த இடம் வெளுக்கும். சிந்துப் பகுதியின் சேவானில் ஒரு முதியவர் இதைச் செய்துகாட்டியதை மக்கே பதிவு செய்தார். கொடுமணலிலும் இப்படிக் கோலமிட்ட மணிகள் கிடைத்திருக்கின்றன. அசலில் வெள்ளைக் கோடு கல்லின் தோலுக்குள் இறங்கியிருக்கும், கல் தேய்ந்த இடத்தில் கோடும் சேர்ந்து தேய்ந்திருக்கும். பெயின்ட் கோடு கல்லின் மேல் மேடாக நிற்கும், லென்ஸில் அதன் விளிம்பு தெரியும்.

சாயமேற்றிய அகேட் இன்னொன்று. கண்ணைப் பறிக்கும் நீலம், இளஞ்சிவப்பு, மின்னும் பச்சை என்றால் சாயம்தான்; விரிசல்களிலும் துளை வாயிலும் நிறம் குவிந்து நிற்கும். அப்புறம் மண் ஒட்டவைப்பது. பசையோடு தேய்த்த மண் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கும். இயற்கையாகப் படிந்த மண் குழிகளிலும் விரிசலிலும் மட்டும் தங்கும்.

"தோண்டி எடுத்தது, அசல் சங்க காலம்" என்று யாராவது விலை பேசினால், எழுந்து வந்துவிடுங்கள். பொய்யாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் ஒரு குழி குலைந்திருக்கிறது, நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த குழிக்கு முன்பணமாகும்.

எட்டாம் படி: பதிவு அட்டை

ஒரு மணிக்கு ஓர் அட்டை. தேதி, ஊர், நிலத்தின் சர்வே எண், கைபேசி காட்டும் இட அளவுகள், நிலத்துக்காரர் பார்க்க அனுமதி கொடுத்தாரா என்பது. மணியின் நீளம், அதிகபட்ச விட்டம், இரண்டு துளை வாய்களின் விட்டம், நிறம், கல், வடிவம், உடைசல். கல் எது என்பதில் உறுதியில்லை என்றால் "சிவப்பு, ஒளி கசியும்" என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பெயரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், தவறாக எழுதிய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. பக்கவாட்டில் ஒன்று, இரு முனைகளில் ஒவ்வொன்று என மூன்று படம், ஸ்கேலோடு. பிறகு இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு படம், நிலம் முழுக்கத் தெரிய ஒரு படம். சுற்றிக் கிடக்கும் ஓடு, சில்லு, இரும்புக் கசடு எல்லாவற்றையும் இரண்டு வரியில் எழுதுங்கள்.

வயலில் கிடக்கும் மணியை எடுக்காமல் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். ஏற்கெனவே யாராவது எடுத்துவிட்டார்கள் என்றால், எடுத்தவரைத் திட்டாமல் எந்த இடத்தில் எடுத்தார் என்பதை அவர் நினைவு மங்குவதற்குள் கேட்டு எழுதிவிடுங்கள். மனுவின் நகலையும் பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் அட்டையோடு வைக்க வேண்டும். படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் ஊர்ப் பெயரையும் இடத்தையும் எடுத்துவிடுங்கள், அதைப் பார்த்து மண்வெட்டியோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டு மணிகளுக்கும் இதே அட்டைதான். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த விசேஷத்துக்குப் போட்டார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பழைய நூலையும் முடிச்சையும் அவிழ்க்காதீர்கள். நூல் இற்றுப்போயிருந்தால் மணிகளின் வரிசையைப் படமெடுத்த பிறகே புது நூலில் கோர்க்க வேண்டும். பழைய நூலைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள். சோப்பு, எண்ணெய், அமிலம் எதுவும் வேண்டாம். சூதுபவளத்துக்கு எண்ணெய் தடவினால் மினுமினுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த எண்ணெய் துளைக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த மாதமே தொடங்க நினைத்தால், 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு வார நாளில் போங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். சூதுபவளமும் அகேட்டும் இருக்கும் பெட்டி முன் நின்று, கண்ணுக்குப் பிடித்த ஐந்து மணிகளுக்கு அட்டை எழுதுங்கள். அளவைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஸ்கேலிலிருந்தோ பக்கத்துப் பொருளிலிருந்தோ ஊகித்து, "ஊகம்" என்று குறியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் போகும்போது துளை தெரியும்படி வைத்திருக்கும் மணிகளைத்தான் முதலில் தேடுவேன். பக்கவாட்டில் சற்றுக் குனிந்தால், பெட்டியின் விளக்கு துளைக்குள் விழும் கோணம் ஒன்று எப்படியும் கிடைத்துவிடும்.